பறக்க மறுத்த ராக்கெட்டு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு சென்றால், செம்பாக்கம் என்னும் ஊரை அடையலாம். முன்னாளில் ஏரி நீர் பாய்ந்து விளைந்த வயல்கள் சூழ இருந்த இச்சிற்றூர், இந்நாளில் மாடி வீடுகள் நெருங்கிய புறநகராகி, 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. இவ்வூரார்க்கு வானம் புதிதன்று. ஒருபுறம் தாம்பரத்து விமானப்படை நிலையம். மறுபுறம் மீனம்பாக்கத்து விமான நிலையம். காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் சிறுவனும், தலைக்குமேல் ஒலி கேட்ட அளவில், அது படை விமானமா பயணியர் விமானமா என்பதை அண்ணாந்து பாராமலே சொல்லிவிடுவான்.

இவ்வூர் அமைந்துள்ள செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, கோவளத்தை அடுத்துக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தை என்னும் திருத்தலம் உள்ளது. அவ்வூர்க் கடற்கரையிலிருந்து 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் காலையில் ‘ரூமி-1’ என்னும் ராக்கெட்டு ஒன்று விண்ணை நோக்கி ஏவப்பட்டது. ஸ்பேஸ் சோன் இந்தியா என்னும் சென்னை நிறுவனத்தார் அதனைச் செய்தனர். திட எரிபொருளையும் நீர்ம ஆக்சிஜனேற்றியையும் ஒருங்கே கொண்ட கலப்பு வகையைச் சேர்ந்த அந்த ராக்கெட்டை, இடம் பெயர்க்கத்தக்க ஏவுமேடையிலிருந்து அவர்கள் ஏவினர். அதற்கு முந்திய ஆண்டில், 2023 பிப்ரவரி 19 அன்று, மாமல்லபுரத்திற்கு அருகிலுள்ள பட்டிப்புலத்திலிருந்து சென்ற மற்றொரு ராக்கெட்டு, பள்ளி மாணவர்கள் செய்த 150 சிறு கருவிப் பெட்டிகளைச் சுமந்து சென்றது.

இச்செய்திகளைப் படித்த எங்கள் தெருப் பிள்ளைகள் மூவருக்கு ராக்கெட்டின்மீது தீராத வேட்கை உண்டாயிற்று. இருவர் உடன்பிறந்த ஆண்பிள்ளைகள். மூன்றாமவள் அவர்களுக்கு அடுத்த வீட்டுப் பெண், வயதிலும் வகுப்பிலும் மூத்தவள். ராக்கெட்டைச் செய்ய அவர்கள் முற்படவில்லை. அதன் எரிமருந்து வெடிபொருளாகும். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டப்படி, உரிமமின்றி அதனைச் செய்வதும் சேர்த்து வைப்பதும் குற்றம். மேலும், இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட ஊரில் எப்பொருளையும் மேல்நோக்கி ஏவ யார் இசைவு தருவர்? ஆதலின் அவர்கள் ராக்கெட்டை விடுத்து, அதனை ஏவும் கருவியைச் செய்ய எண்ணினர். தொலைவில் நின்று, கம்பித் தொடர்பின்றி, ஒரு பொத்தானை அழுத்தி ராக்கெட்டுக்குத் தீ மூட்டும் கருவி அது. அக்கருவி பழுதுற்ற கதையையும், பழுதைக் கண்டறிந்த முறையையும் இங்குக் கூறுவோம்.

தொலைவில் நின்று தீ மூட்டுவது ஏன் என்று நீங்கள் வினவலாம். தீபாவளி வாணத்தின் திரியில் ஊதுவத்தியை வைத்துவிட்டு ஓடுகிறோமே, அது போதாதா? நெடுங்காலம் உலகம் அவ்வாறுதான் செய்துவந்தது. 1780-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் ஆங்கிலேயர் படையை எதிர்த்த மைசூர்ப் படையினர், இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டுகளை எய்தனர். அவற்றுள் ஒவ்வொன்றின் திரியையும் ஒரு வீரன் அருகில் நின்று கொளுத்த வேண்டியிருந்தது. திரி எரியும் விரைவை யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது. அணைந்துவிட்டது என்று எண்ணிக் குனிந்து பார்க்கும் வேளையில் அது மீண்டும் கனன்று எழும். தீபாவளிக்கு மறுநாள் மருத்துவமனைகளில் முகமும் கையும் வெந்து கிடக்கும் சிறுவர்களுள் பலர், வெடிக்காத வெடியைப் பார்க்கச் சென்றவர்களே.

1957-ஆம் ஆண்டு அக்டோபரில் இரஷ்யர் முதற் செயற்கைக்கோளை ஏவியபின், அமெரிக்கச் சிறுவர்களிடையே ராக்கெட்டு மோகம் காட்டுத்தீப் போலப் பரவிற்று. வீட்டின் பின்கட்டில் மருந்தைக் கலந்து உருக்கி விரல்களை இழந்தவர்களும், உயிரையே இழந்தவர்களும் உண்டு. இக்கொடுமையைத் தடுக்கும் வழி நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவரிடம் முன்னரே இருந்தது. வாணவேடிக்கையில் வல்லவரான அவர், காகிதத்தாலும் மெல்லிய மரத்தாலும் ஆன சிறு ராக்கெட்டையும், அதற்கெனத் தனியே செய்து அடைத்த எரிமருந்துக் குழலையும் 1954-ஆம் ஆண்டிலேயே உருவாக்கியிருந்தார். ராக்கெட்டுப் பொறியியலாளரான ஹாரி ஸ்டைன் அதன் அருமையை உணர்ந்து, 1957-இல் சங்கம் ஒன்றை அமைத்து, விதிகளையும் வகுத்தார். எரிமருந்தை நீயே கலக்காதே, மின்சாரத்தால் மட்டுமே தீ மூட்டு, எட்ட நில். அவ்விதிகளின் சாரம் இவ்வளவே.

மின்சாரத்தால் தீ மூட்டுவது எளிய செயல். நிக்ரோம் என்னும் உலோகக் கலவையால் ஆன மெல்லிய கம்பி ஒன்றின்வழி மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது செந்தழலாகச் சிவக்கும். வீட்டில் நீர் சுடவைக்கும் மின்கருவியும் இவ்வியல்பால் இயங்குவதே. அக்கம்பியின் நுனியில் எளிதில் பற்றும் பூச்சைத் தடவி, ராக்கெட்டின் அடிக்குழலில் செருகுவர். இதற்கு எரியூட்டி என்று பெயர். முதலில் நீண்ட கம்பிகளை இழுத்துச் சென்று பொத்தானை அழுத்தி வந்தனர். கம்பி நீள நீள அதன் மின்தடை மிகும். நடப்பவர் கால்களிலும் சிக்கும். எனவே, கம்பிக்கு மாற்றாக வானொலி அலையைப் பயன்படுத்தும் வழக்கம் வந்தது.

எங்கள் பிள்ளைகள் செய்த கருவியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கையில் பிடிக்கும் அனுப்பும் பெட்டி. அதில் ஒரு சாவி, ஒரு பொத்தான், ஒரு சிறு ஏரியல். சாவியைச் செருகித் திருப்பினாலன்றிப் பொத்தான் வேலை செய்யாது. மற்றொன்று ஏவுமேடையருகே தரையில் வைக்கும் வாங்கும் பெட்டி. அதனுள் அலையை வாங்கும் கருவியும், கட்டளை வந்தவுடன் ‘டிக்’ என்னும் ஒலியுடன் மூடி மின்னோட்டத்தை விடும் ரிலேயும், 8 பேனாக் கலங்களும் இருந்தன. பெட்டியிலிருந்து எரியூட்டிக்கு இரு கம்பிகள் சென்றன. அவற்றின் முனையில் முதலைவாய்க் கவ்விகள். எரியூட்டியுடன் இணைப்பு முழுமையாக உள்ளதா என்பதை அறிவிக்கச் சிறு சிவப்பு விளக்கு ஒன்றும் பெட்டியின் மேல் இருந்தது.

வெளியூர் ஒன்றில், உரிய இசைவு பெற்று, பட்டறிவு மிக்க பெரியோர் மேற்பார்வையில் மாணவர்க்கான ராக்கெட்டுப் பயிற்சி முகாம் நடைபெற்றது. நம் மூவரும் தம் கருவியுடன் அங்குச் சென்றனர். முகாமினர் தந்த முழங்கை நீளமுள்ள காகித ராக்கெட்டு மேடைமேல் நின்றது. சிவப்பு விளக்கு ஒளிர்ந்தது. யாவரும் எட்ட விலகினர். “ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று!” மூத்த பையன் பொத்தானை அழுத்தினான்.

ராக்கெட்டு அசையவில்லை.

அவன் மீண்டும் அழுத்தினான், அழுத்தியபடியே இருந்தான். புகையும் இல்லை. கூடியிருந்தோருள் யாரோ சிரித்தனர். அச்சிரிப்பு அவனைச் சுட்டது போலும். அனுப்பும் பெட்டியைச் சாவியோடு தரையில் வைத்துவிட்டு, கவ்வி கழன்றிருக்குமோ என்று பார்க்க மேடையை நோக்கி ஓடினான். நான்கு அடி வைத்திருப்பான். மேற்பார்வையாளர் ஒருவர் பாய்ந்து அவன் சட்டையைப் பற்றி இழுத்து நிறுத்தினார். அவர் முகத்தில் அதுவரை இருந்த கனிவு இல்லை.

“சாவி எங்கே?” என்று கேட்டார்.

“பெட்டியில் இருக்கிறது, ஐயா.”

“முதலில் அதை எடு. எடுத்து உன் சட்டைப்பையில் போடு. பிறகு ஒரு நிமிடம் இங்கேயே நில்.”

ஸ்டைன் வகுத்த வழிவந்த இன்றைய விதியும் இதுவே. பொத்தானை அழுத்தியும் ராக்கெட்டு எழவில்லையாயின், முதலில் சாவியை எடுக்க வேண்டும், அல்லது மின்கலத்தின் இணைப்பை நீக்க வேண்டும். பின்னர் 60 வினாடி காத்திருக்க வேண்டும். அதன்பின்னரே அருகில் செல்லலாம். அந்த ஒரு நிமிடம் மிக நீண்டதாக இருந்தது என்று பையன் பின்னர் என்னிடம் கூறினான். அன்று அவர்களுக்கு மறுவாய்ப்புத் தரப்படவில்லை. பழுது இன்னதென்று அறியாத கருவியை இரண்டாம் முறை இணைக்க முகாமினர் மறுத்துவிட்டனர். அம்மறுப்பு சரியானதே என்பது என் கருத்து. பிள்ளைகள் அப்போது அவ்வாறு எண்ணவில்லை. வழி நெடுகப் பேசாமலே ஊர் திரும்பினர்.

அவர்களுடைய வாட்டத்தைப் போக்க, இதனினும் பெரிய ராக்கெட்டுகள் நின்றுபோன வரலாறுகளை நான் எடுத்துரைத்தேன். 2001-ஆம் ஆண்டு மார்ச்சு 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு முதன்முறையாகப் புறப்பட இருந்தது. பக்கவாட்டிலுள்ள நான்கு எஞ்சின்களும் எரியத் தொடங்கின. அவற்றுள் ஒன்று போதிய உந்துவிசையைத் தரவில்லை என்பதைக் கணிப்பொறி கண்டு, புறப்பட ஒரு வினாடியே இருக்கையில் அனைத்தையும் நிறுத்திற்று. ராக்கெட்டு அழியாமல் காப்பாற்றப்பட்டது. பழுது நீக்கி ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட்டை ஏவினர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று, மனிதனை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட்டு, புறப்பட ஐந்து வினாடி இருக்கையில் கணிப்பொறியால் நிறுத்தப்பட்டது. காரணத்தை ஆராய்ந்து சரிசெய்து, அன்று காலை பத்து மணிக்கு அதனை ஏவினர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. இராமேசுவரத்துப் பெருமகனார் அப்துல் கலாம் அதனைத் தம் வாயாலேயே பலமுறை மாணவர்களிடம் கூறியுள்ளார். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை முதன்முறை ஏவுகையில், அத்திட்டத்தின் தலைவர் அவர். புறப்படச் சில நிமிடங்களுக்கு முன், கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு உள்ளதென்று கணிப்பொறி ஏவுதலை நிறுத்திற்று. உடனிருந்த வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்து, அஞ்ச வேண்டுவதில்லை என்றனர். கலாம் கணிப்பொறியின் தடையை நீக்கி ஏவக் கட்டளையிட்டார். முதற்கட்டம் நன்றாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட்டு கட்டுப்பாட்டை இழந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18 அன்று, அவ்வகை ராக்கெட்டே ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்திற்று. தம் வெற்றியைக் கூறும்போதெல்லாம் முந்திய தோல்வியையும், தாம் நீக்கிய அந்தத் தடையையும் மறையாமல் கூறிய அவருடைய நேர்மையை நான் மிகவும் போற்றுகிறேன்.

இக்கதைகளைக் கேட்டதும் இளைய பையன், “அப்படியானால் நம் பெட்டியும் ஏதோ காரணம் பற்றித்தான் நின்றிருக்கிறது, அதைக் கேட்டு அறிவோம், வாருங்கள்” என்றான். அன்று மாலையே எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆராய்ச்சி தொடங்கிற்று. எரியூட்டிக்கு மாறாக, காரின் திருப்ப விளக்கில் இடும் 12 வோல்ட்டு, 21 வாட்டு பல்பு ஒன்றைக் கவ்விகளுக்கிடையே இணைத்தோம். எரிமருந்து ஒரு துகளும் மாடிக்கு வரவில்லை.

“அலை போய்ச் சேரவில்லை, ஐயா. ஏரியலைத்தான் மாற்ற வேண்டும்” என்றான் மூத்தவன். முகாமிலிருந்து வந்ததும் அவன் இருமுறை ஏரியலை மாற்றியுமிருந்தான். கம்பியில்லாக் கருவி பழுதுற்றால், கண்ணுக்குப் புலப்படாத அலையின்மேலேயே யாவரும் முதலில் பழி சுமத்துவர்.

அப்போது அப்பெண் ஒன்று கூறினாள்: “முகாமில் நான் வாங்கும் பெட்டிக்குச் சற்று அருகில் நின்றேன். தம்பி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தபோது ‘டிக், டிக், டிக்’ என்று பல்லி ஒலிப்பது போலக் கேட்டது.”

இச்சொல் பாதிச் சிக்கலை அவிழ்த்துவிட்டது. ரிலே ஒலித்தது என்றால், பொத்தான் வேலை செய்தது. அனுப்பும் பெட்டி வேலை செய்தது. அலை போய்ச் சேர்ந்தது. வாங்கும் கருவி கட்டளையை ஏற்றது. ஆகவே பழுது ரிலேக்கு அப்பால், எரியூட்டியின் பக்கத்தில் இருத்தல் வேண்டும். நீண்ட வாய்க்காலில் நீர் கடைமடைக்கு வரவில்லையெனில், உழவர் தலைமடையிலிருந்து ஒவ்வோர் அடியாகத் தோண்டிப் பார்ப்பதில்லை. நடுமடைக்குச் சென்று அங்கு நீர் உண்டா எனப் பார்ப்பார். உண்டெனின் முற்பாதியில் குறையில்லை. ரிலேயின் ஒலி எங்களுக்கு நடுமடையாயிற்று.

ஆயினும் ஒரு வியப்பு எஞ்சியது. ரிலே ஒருமுறை ஒலித்து மூடியபடியே இருத்தல் வேண்டும். பலமுறை ஒலித்தது ஏன்? மேலும், சிவப்பு விளக்கு ஒளிர்ந்ததே, இணைப்பு முழுமை என்பதற்கு அது சான்றன்றோ?

மல்டிமீட்டரால் மின்கலத்தை அளந்தோம். 12 வோல்ட்டு காட்டிற்று. “மின்கலம் நன்றாக இருக்கிறது” என்றான் மூத்தவன். “பல்பை எரித்துக்கொண்டே அள” என்றேன். பொத்தானை அழுத்தியவுடன் அளவி 12-இலிருந்து 5-க்குச் சரிந்தது, ‘டிக்’ என்றது, மீண்டும் 12-க்கு ஏறிற்று, மீண்டும் சரிந்தது. பல்பு மின்மினி போலக் கண்சிமிட்டியதேயன்றி எரியவில்லை.

நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழகித் தேய்ந்த பேனாக் கலம் ஒன்றின் உள்தடை ஏறத்தாழ அரை ஓம் எனக் கொள்வோம். 8 கலங்களுக்கு 4 ஓம். பிள்ளைகள் பயன்படுத்திய கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய செம்புக்கம்பி. பெட்டிக்கும் மேடைக்கும் இடையே 10 மீட்டர். போக வர 20 மீட்டர். அதன் தடை 1.7 ஓம். துருவேறிய கவ்விகளுக்கு 0.3 ஓம். எரியூட்டிக்கு 1 ஓம். ஆக மொத்தம் 7 ஓம். 12 வோல்ட்டை 7-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 1.7 ஆம்பியர். மின்கலத்தின் 4 ஓம் உள்தடையிலேயே 6.8 வோல்ட்டு வீணாகிவிடுகிறது. வெளியே கிடைப்பது 5.2 வோல்ட்டு மட்டுமே.

பிள்ளைகள் செய்த வாங்கும் கருவிக்கு 7 வோல்ட்டாவது வேண்டும். அதற்கும் எரியூட்டிக்கும் ஒரே மின்கலத்திலிருந்தே உணவு. எனவே ரிலே மூடியதும் அழுத்தம் வீழ்கிறது, வாங்கும் கருவி மயங்குகிறது, ரிலே திறந்துகொள்கிறது. திறந்ததும் சுமை நீங்கி அழுத்தம் ஏறுகிறது, கருவி மயக்கம் தெளிகிறது, பொத்தான் இன்னும் அழுத்தப்பட்டிருப்பதைக் கண்டு மீண்டும் ரிலேயை மூடுகிறது, மீண்டும் மயங்குகிறது. பல்லி ஒலித்த காரணம் இதுவே.

சிவப்பு விளக்கின் கதையோ வேறு. 1000 ஓம் தடைவழியே எரியும் அதற்கு ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு போதும். அச்சிறு மின்னோட்டத்திற்கு 7 ஓம் தடை ஒரு பொருட்டன்று. கம்பி அறுந்திருந்தால் அவ்விளக்கு அணையும். கம்பி மெலிந்திருந்தாலும், கவ்வி துருவேறியிருந்தாலும், மின்கலம் நோயுற்றிருந்தாலும் அது முன்போலவே புன்னகை புரியும். வீட்டில் சோதித்தபோது பிள்ளைகள் எரியூட்டிக்கு மாறாக மற்றொரு சிறு விளக்கையே வைத்துச் சோதித்திருந்தனர். அதனால் வீட்டில் தேர்வு பெற்ற கருவி களத்தில் தோற்றது. கார் பல்பையே நான் தேர்ந்த காரணமும் இதுதான். குளிர்ந்திருக்கும்போது அதன் இழையின் தடை, எரியும்போதுள்ள தடையில் பத்தில் ஒரு பங்களவே. ஆதலால் முதற் கணத்தில் அது எரியூட்டியைப் போலவே மின்கலத்தை வருத்தும்.

மறுநாள் மாற்றங்கள் செய்யப்பட்டன. எரியூட்டிக்கெனக் காரீய அமில மின்கலம் ஒன்று தனியே வைத்தனர். கம்பிக்கு 1 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ளதை வாங்கினர். அதன் தடை 20 மீட்டருக்கும் 0.34 ஓம் தான். கவ்விகள் புதியவை. மொத்தத் தடை 1.4 ஓமாகக் குறைய, மின்னோட்டம் ஏறத்தாழ 8.6 ஆம்பியராயிற்று. இது முன்னதன் ஐந்து மடங்கு. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று ஜூல் கண்டார் அல்லவா? அதன்படி எரியூட்டியில் பிறக்கும் வெப்பம் இருபத்தைந்து மடங்கு. பிள்ளைகள் இக்கணக்கைப் போட்டு முடித்துத் துள்ளினர்.

அவர்களுடைய மகிழ்ச்சி கால் மணி நேரமும் நீடிக்கவில்லை.

பல்பை இணைத்து, வாங்கும் பெட்டியின் சுவிட்சை இளையவன் போட்டான். அனுப்பும் பெட்டி கீழ் வீட்டில் மேசைமேல் இருந்தது. சாவியோ மூத்தவன் சட்டைப்பையில். யாரும் எதையும் அழுத்தவில்லை. ஆயினும் ‘டிக்’ என்ற ஒலியுடன் பல்பு பளிச்சென்று ஒருமுறை எரிந்து அணைந்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். “இந்த இடத்தில் எரியூட்டி இருந்திருந்தால்?” என்றாள் அப்பெண், மெல்லிய குரலில். மூத்தவன் முகம் வெளிறிவிட்டது. அன்று முகாமில் அவன் ஓடியது எந்த மேடையை நோக்கி என்பது அப்போதுதான் அவனுக்கு முழுமையாக விளங்கிற்று. ஓய்வு பெற்ற மின்கலம் சற்றே வலிமை மீளப்பெறும் என்பது யாவரும் அறிந்ததே. மயங்கித் தெளிந்துகொண்டிருந்த அக்கருவி, அவன் குனிந்து கவ்வியைத் தொடும் வேளையில் தானே ஒருமுறை ‘டிக்’ என்றிருக்கலாம்.

இதற்குக் காரணம் தேட இரண்டு நாள் ஆயிற்று. வாங்கும் கருவியினுள் சிறு கணிப்பொறித் துண்டு ஒன்று உண்டு. மின்சாரம் பெற்றபின் அது விழித்தெழ ஒரு கணம் பிடிக்கும். விழித்தபின் ‘ரிலேயைத் திறந்து வை’ என்று தன் கடமையைச் செய்யும். விழிக்கும் முன்னரோ, ரிலேயை இயக்கும் கம்பி எவர் பிடியிலும் இல்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு காற்றில் ஆடுவது போல, மூடினாலும் மூடும், திறந்தாலும் திறக்கும். அக்கம்பியை 10,000 ஓம் தடை ஒன்றின்வழி மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்துவிட்டால், காவலன் விழிக்கும் வரை கதவு தாழிட்டபடியே இருக்கும். கடையில் அத்தடையின் விலை ஒரு தேநீரின் விலைக்கும் குறைவு. அதனை இணைத்தபின் சுவிட்சை நூறு முறை போட்டு அணைத்தோம். பல்பு ஒருமுறையும் எரியவில்லை. எண்ணிக்கை தவறிவிட்டது என்று கூறி, அப்பெண் முதலிலிருந்து மற்றொரு நூறு எண்ண வைத்தாள்.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. எரியூட்டியின் மின்வழியில் இரண்டாம் சாவி ஒன்றையும் தாமே வைத்தனர். வாங்கும் பெட்டியிலேயே அது இருக்கும். அதனைத் திருப்பி மின்வழியை அணைத்துவிட்டால் ரிலே எத்தனை முறை ஒலித்தாலும் எரியூட்டிக்கு மின்சாரம் செல்லாது. இரு பெட்டிகளின் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்தனர். மேடையருகே செல்பவரே அவ்வளையத்தை வைத்திருப்பார். அவர் திரும்பி வராமல் யாரும் எதையும் அழுத்த இயலாது.

ஏரியலைப் பற்றியும் ஒரு சொல். அலையில் குறையில்லை என்று கண்டோமெனினும், அவர்கள் அதனை வைத்திருந்த முறை செம்மையானதன்று. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைவரிசையை, வரையறுத்த ஆற்றலுக்குள், உரிமமின்றிப் பயன்படுத்த இசைவுண்டு. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 34.6 சென்டிமீட்டர், அதில் காற்பங்கு, அஃதாவது 8.7 சென்டிமீட்டர், ஏரியலுக்கு ஏற்ற நீளம். மூத்தவன் நீளமே வலிமை என்றெண்ணி ஒரு முழக் கம்பியை இணைத்து, அதனைப் புல்தரைமேல் கிடத்தியுமிருந்தான். ஈர நிலம் அலையை உறிஞ்சிவிடும். ஏரியலை அளவாக நறுக்கி, பெட்டியை முக்காலிமேல் உயர்த்தி நிமிர்த்தி வைத்தவுடன், தெருக்கோடியிலிருந்தும் கட்டளை தெளிவாக வந்து சேர்ந்தது. அனுப்பும் பெட்டிக்கும் வாங்கும் பெட்டிக்கும் பொதுவான அடையாள எண் ஒன்றையும் அமைத்தனர். அடுத்த வீட்டு அழைப்புமணியின் அலை தவறி வந்தாலும், அவ்வெண் இல்லாத கட்டளையை வாங்கும் கருவி ஏற்காது.

முகாமினர்க்கு அவர்கள் கடிதம் ஒன்று எழுதினர். பழுது இன்னது, அறிந்த முறை இன்னது, செய்த மாற்றம் இன்னது என்று மூன்று பக்கம் எழுதி, அளந்த எண்களையும் சேர்த்திருந்தனர். தானே ஒலித்த ரிலேயைப் பற்றி எழுதலாமா, எழுதினால் மீண்டும் நம்மை விடமாட்டார்களே என்று இளையவன் தயங்கினான். “அதைத்தான் முதலில் எழுத வேண்டும்” என்றாள் அப்பெண். அவ்வாறே எழுதினர்.

கடிதத்தை அனுப்பிய மாலை, இருள் கவியும் நேரத்தில், மூவரும் மீண்டும் மாடிக்கு வந்தனர். தாம்பரத்துப் பக்கம் சிறு படை விமானம் ஒன்று சிவப்பு விளக்கு மின்ன இறங்கிக்கொண்டிருந்தது. மூத்தவன் பல்பின் கவ்விகளைத் தேய்த்துத் துடைத்து மாட்டினான். பெட்டியின் சாவியைத் திருப்பினான்; வளையத்துடன் சுவரோரம் நடந்து வந்து நின்றான். இம்முறை எண்ணுவதில் அவனுக்கு விரைவு இல்லை. ஒன்று என்று கூறிப் பொத்தானை அழுத்தவும், பல்பு ஒரு சிமிட்டலும் இன்றி எரிந்தது. அதன் மஞ்சள் ஒளி மாடியின் கைப்பிடிச் சுவரெங்கும் பரவிற்று.

அவன் பொத்தானை விட்டான். சாவியை எடுத்துப் பையில் போட்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அறுபது வினாடி கழிந்தபின்னரே பல்பை நோக்கி நடந்தான்.